கான்ட்ராக்டருக்கு முன்பணம் கொடுக்கும் முன்

பழைய வீடுகள் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு, பாலக்காட்டில் மரபு வீடுகளைப் பழுதுபார்த்து வரும் ஆர்க்கிடெக்ட் பதில் சொல்கிறார்.

கேள்வி: சார், பாலக்காட்டில் பழைய கல்பாத்தி அக்ரஹாரத்தில் எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்து வீடு இருக்கிறது. அப்பா போன பிறகு எனக்கும் அக்காவுக்குமாக வந்திருக்கிறது. அம்மா மட்டும் அங்கே இருக்கிறார். மழைக்கு ஒழுகுகிறது. கூடத்துச் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஊறிப் போயிருக்கிறது. கான்ட்ராக்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, சுவருக்கெல்லாம் சிமெண்ட் பூச்சு, நடுமுற்றத்துக்கு மேலே பிளாஸ்டிக் ஷீட், மச்சில் ஒரு பாத்ரூம், திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் என்று மொத்தமாக எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். “உள்வேலைக்கு அனுமதி எதுவும் வேண்டாம், ஆர்க்கிடெக்ட் வைத்தால் தண்டச் செலவு” என்கிறார். தேர்த்திருவிழா முடிந்ததும் தொடங்கிவிடலாம் என்று முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
(வாசகர், பெங்களூரு)

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. எஸ்டிமேட்டை மடித்துப் பெட்டியில் வையுங்கள்.

அந்தக் கான்ட்ராக்டரை நான் குறை சொல்லவில்லை. நல்ல வேலைக்காரராகவே இருக்கலாம். ஆனால் வேலை கூடக் கூட அவருக்கு வருமானம் கூடும். இந்த வீட்டுக்கு எது வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை. மருந்துக் கடைக்காரரிடம் போய் எனக்கு என்ன நோய் என்று கேட்க மாட்டோம் இல்லையா? முதலில் வீட்டுக்குள் நுழைய வேண்டியவர், வேலை பெரிதானாலும் சிறிதானாலும் அதே கட்டணம் வாங்குகிறவராக இருக்க வேண்டும்.

அனுமதி விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண வார்டில் வெள்ளையடிக்க, பூச, ஓடு மாற்ற அனுமதி வேண்டாம் என்று கேரளக் கட்டட விதிகளில் இருப்பது உண்மை. அவர் அதை மனதில் வைத்துத்தான் சொல்லியிருப்பார். கல்பாத்தி சாதாரண வார்டு இல்லை. அரசு பாரம்பரிய கிராமமாக அறிவித்த இடம். அங்கே மாற்றி அமைக்கும் வேலை என்றால் நகரசபையோடு நிற்காது, கலை மற்றும் பாரம்பரிய ஆணையத்தின் ஒப்புதல் வரைக்கும் போகும். அலைச்சல் இருக்கிறது, காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று அங்கே குடியிருப்பவர்கள் வருத்தப்படுவது எனக்கும் தெரியும். அவர்கள் வருத்தம் நியாயமானது. ஒழுகுகிற வீட்டில் வயதான அம்மாவை வைத்துக்கொண்டு கோப்பு நகரக் காத்திருப்பது லேசான காரியம் இல்லை. அதற்காக அனுமதி இல்லாமல் இடித்துவிட்டு, பாதி வேலையில் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அம்மா எங்கே படுப்பார்? நகரசபைப் பொறியியல் பிரிவில் என்னென்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதிக் கொடுத்து, எதற்கு அனுமதி வேண்டும் என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை உதவாது. அக்காவும் உரிமையாளர் என்பதால் அவர் கையெழுத்தும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்.

இனி வீட்டைப் பார்ப்போம். நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவது அந்த முழங்கால் உயர ஈரம்தான்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பூசிவிடலாம் என்று மட்டும் முடிவு செய்திருக்கிறார்கள். கல்பாத்திப் பக்கத்து வீடுகளில் நான் அடிக்கடி பார்க்கிற காரணங்கள் மூன்று. முற்றத்துத் தண்ணீர் வெளியே போகும் வழி மண்ணடைத்துப் போயிருக்கும். இல்லாவிட்டால், தெருவில் மேலே மேலே தார் போட்டு வாசல் மட்டம் உயர்ந்து, மழைத் தண்ணீர் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கும். அதுவும் இல்லையென்றால், பின்கட்டில் பிற்பாடு போட்ட குழாய் ஒன்று சுவருக்குள் கசிந்துகொண்டிருக்கும். இந்த மூன்றில் எதையும் சிமெண்ட் பூச்சு சரிசெய்யாது.

உங்கள் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பியதாகத்தான் இருக்கும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்து இறுகும். இறுகிய பிறகும் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. சுவருக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வர முடியாமல், பூச்சு முடிகிற இடம் தேடி மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் இருந்த ஈரம் இடுப்புக்கு வரும். கூடவே உப்பும் வரும், அது செங்கல்லைப் பொடியாக்கும். மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் இன்னும் மோசம்.

கல்பாத்திப் பக்கத்துச் சாத்தபுரத்தில் ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நாலடி உயரத்துக்கு சிமெண்ட் பூசி, பார்க்க அழகாக இருந்தது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன், ஓரிடத்தில் சத்தம் மாறியது. அங்கே ஒரு சில்லு பெயர்த்துப் பார்த்தால் பின்பக்கம் சொதசொதவென்று ஈரம், அதோடு செங்கல் தூள் ஒட்டிக்கொண்டு வருகிறது. பக்கத்திலிருந்த தேக்கு நிலைக்காலின் அடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே பாலிஷ் மட்டும் பளபளவென்று இருந்தது. அந்த வீட்டு அம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவர் கல்யாணமாகி வந்தபோது கோலம் போட்டுப் பூசை செய்த நிலை அது.

அந்த வீட்டில் முதல் வேலையாகச் செய்தது முற்றத்து வடிகாலைத் தோண்டிச் சுத்தம் செய்ததுதான். சுவரில் கை வைக்கவே இல்லை. ஒரு கோடை முழுக்க உலர விட்டு, அப்புறம் சிமெண்டைப் பெயர்த்தெடுத்து, சுண்ணாம்புப் பூச்சு பூசினோம்.

மச்சில் பாத்ரூம் வேண்டவே வேண்டாம். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். நாலு அங்குலக் கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. ஐந்துக்கு எட்டடி பாத்ரூம் என்றால் சுமார் 3.7 சதுர மீட்டர், தளம் மட்டும் 900 கிலோவுக்கு மேல். அதற்கு மேல் சுவர், டைல்ஸ், தண்ணீர்த் தொட்டி. பலா மரமோ ஆஞ்சிலி மரமோ போட்ட மச்சு, நெல் மூட்டைக்கும் பழைய பாத்திரங்களுக்கும் கட்டியது. நனைகிற இடமாக மாற்றினால் மரத்துக்கு எடையும் கேடு, ஈரமும் கேடு, கரையானுக்கு விருந்து. இதில் பக்கத்து வீட்டுக்காரர் விஷயமும் இருக்கிறது. அக்ரஹாரத்தில் உங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் பொதுச்சுவர். அவர்கள் உத்தரமும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். குழாய் போட அந்தச் சுவரில் காடி வெட்டினால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வெட்டுகிறீர்கள். ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஒருவர் பார்க்காமல் அந்தச் சுவரில் உளி வைக்கவே கூடாது.

யாருக்காக அந்த பாத்ரூம்? அம்மாவுக்கு என்றால் அவர் மச்சுப்படி ஏறக் கூடாது. கிணற்றடிப் பக்கம், பின்கட்டில், தரைமட்டத்தில், கைப்பிடியோடு ஒன்று கட்டுங்கள். அதற்கு அனுமதி கேட்பதும் எளிதாக இருக்கலாம், ஏனென்றால் பழைய கட்டடத்தைத் தொடாமலே செய்யலாம்.

நடுமுற்றத்தை மூடுவது பற்றி எனக்குக் கோபமே வரும். பாலக்காட்டுக் கோடைக் காலம் உங்களுக்குத் தெரியாததா? நாற்பது டிகிரியைத் தொடுகிற ஊர் இது. கணவாய்க் காற்று வாசலில் நுழைந்து ரேழி வழியாக வர, கூடத்துச் சூடு முற்றத்து வழியே மேலே போய்விடும். அந்த வழியை ஷீட் போட்டு மூடினால் அடுத்த வருடமே ஏசி கேட்பீர்கள். உலர வேண்டிய சுவரும் உலராது. திருட்டு பயம் என்றால் இரும்புக் கிராதி போடலாம். சாரல் தொந்தரவு என்றால் தாழ்வார விளிம்பில் தண்ணீர் பிடிக்கும் பாத்தியைச் சரிசெய்யலாம்.

திண்ணையை இடிக்கக் கூடாது. ஆணையம் முதலில் பார்ப்பதே தெருமுகப்பைத்தான். வரிசையாக ஓடுகிற திண்ணையில் ஒரு வீடு இடிந்தால் அந்த வரிசையே போய்விடும். காரை வெளியே எங்காவது வாடகைக்கு இடம் பிடித்து நிறுத்துங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? மரபுக் கட்டடப் பாதுகாப்பில் படித்த அல்லது அதில் வேலை செய்திருக்கிற ஆர்க்கிடெக்ட் ஒருவரை, அறிக்கை எழுதிக் கொடுப்பதற்கு மட்டும் என்று பேசி அழையுங்கள். வீட்டின் அளவு வரைபடம், தேதி போட்ட படங்கள், ஈரத்துக்குக் காரணம், இந்த மழைக்குள் செய்ய வேண்டியது, தள்ளிப் போடக்கூடியது, தொடவே கூடாதது, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கும் இந்த வரைபடமும் படமும்தான் தேவைப்படும், அதனால் செலவு இரண்டு முறை ஆகாது. வரும்போது நல்ல ஆசாரி ஒருவரையும் கூட்டி வரச் சொல்லுங்கள். கூரையைத் தாங்கும் கைமரத்தில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று ஆசாரி தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். முழுக்க மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட்டில் எழுதிய கூரையில், பல சமயம் முனை அழுகிய சில மரங்களை ஒட்டுப் போட்டாலே போதும் என்று ஆகும்.

அதுவரை ஒழுகும் இடத்தில் உடைந்த ஓட்டை எடுத்துவிட்டு அதே அளவுப் பழைய ஓடு வாங்கிச் செருகுங்கள். தேர் முடிந்த பிறகு வேலை என்று அவர் சொன்னது காலக்கணக்கில் சரியே. துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை ஓய்ந்து தை பிறந்தால் சுண்ணாம்பு வேலைக்கு நல்ல காலம். அறிக்கை கையில் வந்த பிறகு அதே கான்ட்ராக்டரிடமே கொடுத்து, இதில் இருக்கும் வேலைக்கு மட்டும் விலை சொல்லுங்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: பாலக்காடு கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஓட்டு வீடு. கோட்டை பக்கத்தில் இருப்பதால் ஆணி கூட அடிக்க முடியாது என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
(வாசகி, பாலக்காடு)

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, ஆனால் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹைதர் அலி 1766-ல் கட்டிய கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010-ல் திருத்திய சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக் கட்டடம் கிடையாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி, அனுமதி வாங்கிக் கட்டலாம். 100 மீட்டருக்குள் இருக்கும் பழைய வீட்டைப் பழுதுபார்க்கவோ புதுப்பிக்கவோ வழி இருக்கிறது, ஆனால் உரிய அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வீடு 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்தது என்று காட்டும் வரி ரசீது, ஆதாரம் ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள், அதுதான் உங்களுக்குப் பலம். மீறிக் கட்டினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. உங்கள் வீடு எந்த வளையத்தில் விழுகிறது என்று அளந்து தெரிந்துகொள்வதே முதல் வேலை. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

கேள்வி: என் மகளும் மாப்பிள்ளையும் இங்கிலாந்தில் பாத் நகரத்தில் பழைய கல் வீடு ஒன்றை வாங்கப் போகிறார்கள். பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் பட்டியலில் ‘கிரேடு டூ’ என்று இருக்கிற வீடாம். நம் சமையலுக்குப் புகைபோக்கி விசிறி வைத்து, குளிருக்கு ஜன்னலை மாற்றினால் போதும் என்கிறாள். நம் ஊர் மாதிரி அங்கேயும் தொந்தரவு உண்டா?
(வாசகி, கொல்லங்கோடு)

பதில்: நம் ஊரை விடக் கண்டிப்பு அங்கே. அந்தப் பட்டியலில் ஒரு வீடு சேர்ந்துவிட்டால் முகப்பு மட்டும் என்று நினைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் படிக்கட்டு, கணப்பு, கதவு, பூச்சு எல்லாமே அதற்குள் அடக்கம். 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே வளாகத்தில் நிற்கும் சுற்றுச்சுவர், கொட்டகை போன்றவையும் சேரும். வீட்டின் தன்மையைப் பாதிக்கிற எந்த மாற்றத்துக்கும் உள்ளூர் கவுன்சிலிடம் தனி ஒப்புதல் வாங்க வேண்டும். விசிறிக்காகக் கல்சுவரில் ஓட்டை போடுவதும், பழைய மரச் சட்டத்தை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வைப்பதும் கேட்டுச் செய்ய வேண்டிய வேலைகள். கேட்காமல் செய்தால் 1990 சட்டப்படி அது குற்ற வழக்கு.

வாங்குவதற்கு முன் மகள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது, இதை இன்றைக்கே போனில் சொல்லுங்கள். முன்னால் இருந்தவர் அனுமதி இல்லாமல் ஏதாவது மாற்றியிருந்தால், அதைப் பழையபடி ஆக்கு என்ற உத்தரவு இப்போதைய உரிமையாளர் தலையில் விழும். இத்தனை வருடம் ஆகிவிட்டது, இனி கேட்க மாட்டார்கள் என்ற காலக்கெடுவும் அதற்குக் கிடையாது. ஆகவே வக்கீலிடம், இதுவரை வாங்கிய ஒப்புதல்கள் எல்லாவற்றையும் கேட்டுப் பெறச் சொல்ல வேண்டும். சர்வேயர் வைக்கும்போது லெவல் 3 என்ற முழு ஆய்வையே கேட்க வேண்டும், பழைய கட்டடங்களில் அனுபவம் உள்ளவரைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். கவுன்சிலில் பாதுகாப்பு அதிகாரி இருப்பார், விண்ணப்பிக்கும் முன்பே அவரிடம் பேசலாம். அந்த முன்னாலோசனைக்குக் கட்டணம் இருக்கலாம், ஒப்புதல் விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. 1877-ல் வில்லியம் மோரிஸ் முதலானோர் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று இருக்கிறது. சுவர் ஈரம், சுண்ணாம்பு என்று சந்தேகம் வந்தால் அவர்கள் தொலைபேசியில் இலவசமாகவே வழி சொல்கிறார்கள்.

தாளிப்புப் புகைக்கு வழி கிடைக்கும், கவலைப்படாதீர்கள். சமையலறையில் ஏற்கெனவே பழைய புகைக்கூண்டு இருந்தால் அதன் வழியாகவே விட முடியுமா என்று ஆர்க்கிடெக்டைக் கேட்கச் சொல்லுங்கள். புது ஓட்டை கேட்பதை விட அதற்கு ஒப்புதல் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் எங்கள் வீடு. எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை, எந்தத் தடையும் இல்லை. அப்படியும் ஆலோசனைக்குச் செலவு செய்ய வேண்டுமா? நல்ல ஆளை எப்படித் தெரிந்துகொள்வது?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: பட்டியலில் இல்லாத வீட்டுக்குத்தான் இன்னும் அதிகமாக வேண்டும் என்பேன். பட்டியலில் இருந்தால் தவறான வேலையைத் தடுக்க ஒரு அலுவலகமாவது இருக்கும். உங்கள் வீட்டுக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள். பாரம்பரியத்தைக் காக்கப் பாடுபடும் இன்டாக் (INTACH) போன்ற அமைப்பு உங்கள் தெருவைப் பதிவு செய்திருந்தாலும் அந்தப் பதிவுக்குச் சட்ட பலம் கிடையாது, ஆனால் அவர்களிடம் கேட்டால் வேலை தெரிந்தவர்களின் பெயர் கிடைக்கும்.

ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்கிறவர் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவரா என்று பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள், 1972 சட்டப்படி அது இருந்தே ஆக வேண்டும். அது வாசல்படிதான். அவர் பழுதுபார்த்த வீடு ஒன்றுக்கு உங்களைக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். நேற்று முடித்த வீடு வேண்டாம். உங்கள் ஊர் ஆனி மழையும் பார்க்கும், ஐப்பசி மழையும் பார்க்கும். ஒரு முழு வருடமாவது இரண்டு மழையிலும் நனைந்து நிற்கிற வீடாகக் கேளுங்கள். அங்கே போனதும் கூடத்தைப் பார்த்து மயங்காமல், பின்கட்டுச் சுவரின் அடியையும் நிலைக்கால்களின் அடியையும் தொட்டுப் பாருங்கள். அந்த வீட்டுக்காரரிடம் தனியாக ஒரு வார்த்தை பேசுங்கள்.

அப்புறம் அவரை உங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து, “இதில் எதையெல்லாம் செய்யாமல் விடலாம்?” என்று கேளுங்கள். பதிலே இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். சுவரில் விரிசல் இருந்தால் நல்ல ஆள் உடனே இடிக்கச் சொல்ல மாட்டார். விரிசலின் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதி எழுதி, சில மாதம் பொறுங்கள் என்பார். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, எஞ்சினியர் வர வேண்டும். உடையாவிட்டால் அது பழைய விரிசல், சுண்ணாம்பு வைத்து அடைத்தால் போதும். முதல் அறிக்கைக்கான கட்டணத்தை, மொத்த வேலையில் இத்தனை சதவீதம் என்று பேசாமல், வந்து பார்த்து எழுதிக் கொடுப்பதற்கு இவ்வளவு என்று முன்பே பேசி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.